ஆனைமுகனும் வயலுக்கு வரும் ஆனையும்

முழுமுதற் கடவுளாகிய விநாயகப் பெருமானை வணங்கியே சைவ மக்கள் எந்தக் கருமத்தையும் தொடங்குவர். ஏர் பூட்டும் நாளிலும், விதைப்பு நாளிலும், புதிர் எடுக்கும் நாளிலும் முதற் பூசை அவருக்கே உரியது. வன்னியிலும் கிழக்கிலும் குளத்தை நம்பி வாழும் ஊர்களில், குளக்கட்டில் ஒரு பிள்ளையார் இல்லாத ஊரைக் காண்பது அரிது. குளத்து நீரையும் அதன் கீழுள்ள வயலையும் அவரே காக்கின்றார் என்பது பரம்பரையாக வந்த நம்பிக்கை.

அத்தகைய ஊரொன்றில் நாளாந்தம் நடப்பதைச் சற்றுச் சிந்தித்துப் பார்க்கலாம். மாலைப் பூசைக்கு வந்த கமக்காரன் ஒருவன் அருகம்புல் சாத்தி, குட்டிக் கும்பிட்டு, தோப்புக்கரணம் போட்டு, ஆனைமுகத்தானிடம் தன் வயலைக் காக்குமாறு வேண்டுகின்றான். இரவு எட்டு மணிக்கு அவனே ரோச் லைற்றையும் யானை வெடியையும் எடுத்துக்கொண்டு வயற் பரணுக்குச் செல்கின்றான். நள்ளிரவில் வேலியை முறித்துக்கொண்டு வருவதும் ஓர் ஆனைமுகந்தான். அதனை நோக்கி அவன் வெடியைக் கொளுத்தி எறிகின்றான். மாலையில் கூப்பிய கையே இரவில் வெடி எறிகின்றது. இது முரண்பாடா? பக்தியில் குறையா? அல்லது வயிற்றுப் பாட்டின் முன் தர்மம் நிற்காது என்பதுதான் உண்மையா?

இக்கேள்விக்கு இருவகையான சுலபமான விடைகள் உண்டு. யானை தெய்வ அம்சம் பொருந்தியது, ஆகவே அது தின்பதைத் தின்றுவிட்டுப் போகட்டும் என்பது ஒன்று. யானை பயிரையும் உயிரையும் அழிக்கும் மிருகம், ஆகவே சுட்டுத் தள்ள வேண்டும் என்பது மற்றொன்று. முதலாவதைச் சொல்பவருக்குப் பெரும்பாலும் வயல் இருப்பதில்லை. இரண்டாவதைச் சொல்பவர் யானையின் பக்கத்து நியாயத்தைக் கேட்டதில்லை. தர்மம் என்பது இரு பக்கத்தையும் கேட்ட பின்னரே சொல்லப்பட வேண்டியது.

கமக்காரனின் வழக்கு

பெரும்போக வேளாண்மைக்குக் கமக்காரன் இறங்கும்போது பெரும்பாலும் கடனோடுதான் இறங்குகின்றான். உழவுக் கூலி, விதைநெல், பசளை, களைநாசினி என எல்லாவற்றுக்கும் காசு வேண்டும். நகையை ஈடு வைத்தோ, வட்டிக்கு வாங்கியோ விதைக்கின்றான். மழை பிழைக்கலாம், பூச்சி பிடிக்கலாம். இவை எல்லாவற்றையும் தாண்டிக் கதிர் முற்றி வரும் வேளையில் ஒரே இரவில் யானை புகுந்துவிடுகின்றது. யானை வாயால் தின்பதைக் காட்டிலும் காலால் மிதித்து அழிப்பது அதிகம். சங்க காலத்திலே பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடை நம்பிக்கு, முறையின்றி வரி வாங்கும் அரசனை இவ்வாறு வயலில் புகுந்த யானைக்கு ஒப்பிட்டு அறிவுரை கூறினார். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்திய அந்தக் கமக்காரனின் துன்பமும் இன்றைய கமக்காரனின் துன்பமும் ஒன்றே.

பயிர் மட்டுமா போகின்றது? அறுவடை செய்த நெல்லை வீட்டில் மூட்டை கட்டி வைத்தால், மணம் பிடித்து வந்து சுவரை உடைத்து எடுக்கின்றது. வாழையும் தென்னம்பிள்ளையும் ஒரு நாழிகையில் அழிகின்றன. அதிகாலையில் வயலுக்குப் போனவர், மாலையில் மாடு தேடிப் போனவர், இரவில் சைக்கிளில் வீடு திரும்பியவர் எனப் பலர் மாண்டிருக்கின்றனர். இலங்கையில் 2019ஆம் ஆண்டில் 120க்கும் மேற்பட்டோரும், 2023ஆம் ஆண்டில் 160க்கும் மேற்பட்டோரும் யானைகளால் உயிரிழந்தனர். இவர்களுள் மிகப் பெரும்பாலானோர் ஏழைக் குடும்பங்களின் உழைப்பாளிகள். தகப்பனை இழந்த பிள்ளைகளிடம் ஜீவகாருண்யத்தைப் பற்றிப் பேசப் போகின்றவர், முதலில் அப்பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துவிட்டே பேச வேண்டும்.

யானையின் வழக்கு

யானைக்கு வாய் இல்லை. அதன் வழக்கை வரலாறுதான் சொல்ல வேண்டும்.

இந்தத் தீவின் வரண்ட வலயம் முழுவதும் ஒரு காலத்தில் யானைகளின் நடமாட்டம் இருந்தது. வன்னி யானைகள் நீரேரியைக் கடந்து யாழ்ப்பாணம் சென்ற வழிக்கு இன்றும் ஆனையிறவு என்றே பெயர். வன்னியர்கள் போர்த்துக்கேயருக்கும் ஒல்லாந்தருக்கும் யானைகளையே திறையாகச் செலுத்தினர். ஒல்லாந்தர் காலத்தில் யாழ்ப்பாணத்தில் யானைகள் விற்கப்பட்டு இந்தியாவுக்குக் கப்பலேற்றப்பட்டன. ஆங்கிலேயர் ஆட்சியில் யானை வேட்டை ஒரு பொழுதுபோக்காயிற்று. மேஜர் ரோஜர்ஸ் என்ற ஒரே அதிகாரி 1,400க்கும் அதிகமான யானைகளைச் சுட்டதாகக் கூறப்படுகின்றது. அவர் 1845ஆம் ஆண்டு அப்புத்தளையில் இடி விழுந்து இறந்தார். மலைநாட்டுக் காடுகள் கோப்பிக்கும் தேயிலைக்குமாக வெட்டப்பட்டன. மலைநாட்டு யானைகள் ஏறத்தாழ முற்றாக இல்லாமற் போயின.

சுதந்திரத்தின் பின்னர் கல்லோயாத் திட்டமும், 1970களின் இறுதியிலிருந்து துரிதப்படுத்தப்பட்ட மகாவலித் திட்டமும் வரண்ட வலயத்தின் முகத்தையே மாற்றின. பெருங்காடுகள் வயல்களாயின. சோற்றுக்காகச் செய்யப்பட்ட வேலை என்பதனால் அதனைக் குறை கூற முடியாது. ஆயினும் யானை தன் தாயின் பின்னே குட்டியாக நடந்து பழகிய வழியில் இன்று வாய்க்காலும் வீதியும் வீடும் நிற்கின்றன என்பதும் உண்மையே. வடக்கிலும் கிழக்கிலும் யுத்த காலத்தில் மக்கள் இடம்பெயர்ந்து போக, அவர்களது காணிகளில் பற்றை வளர்ந்து காடாயிற்று. யானைகள் வந்து தங்கின. 2009ஆம் ஆண்டின் பின்னர் மக்கள் மீளக் குடியேறியபோது இரு சாராரும் அதே நிலத்துக்கு உரிமை கொண்டாடி நின்றனர். வன்னியிலும் மட்டக்களப்புப் படுவான்கரையிலும் இன்றும் தொடரும் துன்பத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

யானைகள் சாகும் விதமும் கேட்கத்தக்கதன்று. சில இடியன் துவக்காலும் கட்டுத்துவக்காலும் காயப்பட்டு, புண் அழுகிச் சாகின்றன. சில வீட்டு மின்சாரத்தை நேரே கம்பியில் பாய்ச்சி வைத்த வேலியில் மாட்டிச் சாகின்றன. மிகக் கொடியது ஹக்கபட்டாஸ் என்னும் வாய்வெடி. பூசணிக்காய் முதலியவற்றினுள் வெடிமருந்தை மறைத்து வைப்பர். பன்றிக்காக வைத்ததையும் யானை எடுத்துக் கடிக்கின்றது. தாடை சிதறி, நாக்குப் பிளந்து, உண்ணவும் குடிக்கவும் இயலாமல் பல நாள் பட்டினி கிடந்து சாகின்றது. விபரம் அறியாத இளங்கன்றுகளும் இதற்குப் பலியாகின்றன. 2025ஆம் ஆண்டு பெப்ரவரி 20ஆந் திகதி அதிகாலையில், மட்டக்களப்புப் புகையிரதப் பாதையில் மின்னேரியாவுக்கும் கல்லோயாவுக்கும் இடையே புகையிரதம் ஒரு கூட்டத்தில் மோதியதில் ஆறு யானைகள் ஒரே வேளையில் மாண்டன. அம்பாறைக்கு அண்மையிலுள்ள பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் பொலித்தீனையும் பிளாஸ்ரிக்கையும் தின்று சுமார் எட்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 20 யானைகள் இறந்ததாக 2022ஆம் ஆண்டில் தெரிவிக்கப்பட்டது.

2019ஆம் ஆண்டில் 350க்கும் மேற்பட்ட யானைகளும், 2023ஆம் ஆண்டில் 450க்கும் மேற்பட்ட யானைகளும் இந்நாட்டில் இறந்தன. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நாடு முழுவதிலும் எண்ணப்பட்டவை 5,879 மாத்திரமே. கொம்பு உள்ளவை மிகச் சில என்பதால் பெரும்பாலானவை தந்தத்துக்காகக் கொல்லப்படுவதில்லை. மனிதனும் யானையும் ஒரே நிலத்தில் வாழத் தெரியாமற் போனதே காரணம்.

ஆராய்ச்சி மணி

இரு பக்க வழக்கும் இவ்வாறு இருக்க, தீர்ப்பை எப்படிக் காண்பது?

அநுராதபுரத்திலிருந்து 44 ஆண்டுகள் நீதி வழுவாது ஆட்சி செய்த எல்லாளன் என்ற தமிழ் மன்னனைப் பற்றி மகாவம்சம் கூறுகின்றது. அவன் ஒரு மணியைக் கட்டி, நீதி வேண்டுவோர் எவரும் அதனை அடிக்கலாம் என்றான். தன் மகனின் தேர்க்காலில் கன்றை இழந்த பசு மணியை அடித்த கதை சிறு பிள்ளைகளுக்கும் தெரியும். அதே நூலில் மற்றொரு கதையும் உண்டு. தன் குஞ்சைப் பாம்பு விழுங்கிவிட்டதென்று ஒரு தாய்ப் பறவையும் அம்மணியை அடித்ததாம். மன்னன் அப்பறவைக்கும் நீதி வழங்கினான். பசு வீட்டு மிருகம். மனிதனுக்குப் பால் தருவது. பறவையோ எவருக்கும் உரிமையில்லாத காட்டு உயிர். அதற்கும் அரண்மனை வாயில் திறந்திருந்தது என்பதே இக்கதையின் சிறப்பு.

அந்த மணிக்கு முன்னோர் ஆராய்ச்சி மணி என்று பெயர் வைத்தனர். மணி அடித்தவுடன் எவரையும் தண்டிப்பதன்று நீதி. என்ன நடந்தது என்று ஆராய்ந்து அறிவதே அதன் முதற்படி. அதனாற்றான் அப்பெயர். இன்று யானையின் கழுத்திலும் ஒரு ஆராய்ச்சி மணி கட்டப்பட்டிருக்கின்றது. செய்மதி மூலம் இருக்குமிடத்தை அறிவிக்கும் கருவி பூட்டிய கழுத்துப்பட்டிதான் அது. கலாநிதி பிரித்திவிராஜ் பெர்னாண்டோவும் அவருடன் பணியாற்றுவோரும் பல ஆண்டுகளாக யானைகளுக்கு இப்பட்டியை அணிவித்து அவை எங்கே போகின்றன, எப்போது போகின்றன, எங்கே தங்குகின்றன என்று பின்தொடர்ந்து பார்த்துள்ளனர். வாயில்லாத யானை தன் வழக்கைத் தானே சொல்ல அது வழிசெய்தது. அது சொன்னவற்றுட் பல, எல்லோரும் எண்ணியிருந்தவற்றுக்கு நேர்மாறாக இருந்தன.

யானை நாடு முழுவதும் அலைந்து திரியும் மிருகம் என்று பலர் நினைத்தனர். அப்படியன்று. ஒவ்வொரு யானைக்கும் தனக்கென ஒரு நிலப்பரப்பு உண்டு. பெரும்பாலும் அது சில நூறு சதுர கிலோமீற்றரைத் தாண்டுவதில்லை. தன் ஊரை விட்டுப் பிரிய மனம் வராத மனிதனைப் போலவே யானையும் தன் இடத்தைப் பற்றிக்கொண்டிருக்கின்றது. இடப்பெயர்வின் வலியை அனுபவித்த மக்களுக்கு இதனை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

யானையின் வீடு அடர்ந்த பெருங்காடு என்றும் பலர் எண்ணினர். நாளொன்றுக்கு ஏறத்தாழ 150 கிலோகிராம் உணவு வேண்டிய யானைக்கு, நிழல் மூடிய பெருங்காட்டின் தரையில் போதிய உணவு இல்லை. வெயில் படும் புல்வெளியும் இளம் பற்றைக்காடுமே அதற்கு வேண்டியவை. அக்காலத்தில் சேனைப் பயிர் செய்தோர் அறுவடை முடிந்ததும் அந்நிலத்தைச் சில ஆண்டுகள் தரிசாக விட்டனர். அங்கே முளைத்த புல்லும் பற்றையும் கோடைகாலத்தில் யானைகளைத் தாங்கின. விளைந்திருக்கும்வரை மனிதனுக்கும், விளைவு முடிந்தபின் யானைக்கும் என ஒரே நிலம் காலத்தால் பகிரப்பட்டது. எவரும் சட்டம் இயற்றாமலே நடந்த பங்கீடு அது.

மின்னேரியாக் குளமும் அவ்வாறே. மகாசேன மன்னன் கட்டுவித்த அக்குளத்தில் கோடையில் நீர் வற்ற வற்ற, அலைகரையில் பசும்புல் முளைக்கின்றது. அதனை மேய ஆகஸ்ட், செப்டெம்பர் மாதங்களில் நூற்றுக்கணக்கான யானைகள் ஒன்றுகூடுவதைக் காண உலகெங்குமிருந்து மக்கள் வருகின்றனர். மனிதன் கைவைத்த நிலமெல்லாம் விலங்குக்குப் பகை அன்று என்பதற்கு இது சான்று. பின்னர் மொரகாகந்த நீர்த்தேக்கத்திலிருந்து நீர் வரத் தொடங்கியபின், சில ஆண்டுகளில் கோடையிலும் குளம் நிரம்பி நின்று, புல் முளைக்க இடமில்லாமற் போயிற்று. நீரைத் திறப்பவரும் மூடுபவரும் யானையின் நாட்காட்டியையும் பார்க்க வேண்டியிருக்கின்றது.

இன்னுமொரு விடயம். இத்தீவின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 60 வீதத்தில் யானைகள் நடமாடுகின்றன. அவ்விடங்களில் ஏறத்தாழ 70 வீதத்தில் மனிதர்களும் குடியிருக்கின்றனர். ஆகவே, யானை சரணாலயத்துள் இருக்கட்டும், மனிதன் ஊருக்குள் இருக்கட்டும் என்று கோடு கிழித்துப் பிரித்துவிடலாம் என்பது பேச்சளவில் மட்டுமே முடியும்.

அறியாத இரக்கம்

வயலில் புகும் யானையைக் கொல்லாமல், மயக்க மருந்து செலுத்திப் பிடித்து, லொறியில் ஏற்றித் தூரத்திலுள்ள தேசிய பூங்காவில் விட்டுவிடுவது இரக்கமான வழியாகத் தோன்றும். கொலையும் இல்லை, பயிரழிவும் இல்லை. இதனை விரும்பாதார் யார்?

ஆராய்ச்சி மணி இங்கும் ஒலித்தது. பிடித்து வேறிடத்தில் விடப்பட்ட 12 ஆண் யானைகளைக் கழுத்துப்பட்டி அணிவித்துப் பின்தொடர்ந்து, அதன் முடிவை 2012ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அவற்றுட் சில யானைகள் ஒருமுறைக்கு மேலும் பிடிக்கப்பட்டதால் மொத்தம் 16 தடவைகள் இவ்வாறு செய்யப்பட்டது. சில யானைகள் தம் பழைய இடத்தை நோக்கித் திரும்பின. சில அறியாத ஊர்களினூடாக நெடுந்தூரம் அலைந்தன. இரண்டு யானைகள் விடப்பட்ட பூங்காவினுள்ளேயே கொல்லப்பட்டன. மற்ற எல்லாம் அங்கிருந்து வெளியேறின. போன இடமெல்லாம் புதிய ஊர்களில் தொல்லை பரவியது. மனிதரும் மாண்டனர், யானைகளும் அதிகமாக மாண்டன. ஓர் ஊரின் துன்பத்தைத் தீர்க்கப் போய், அத்துன்பம் பல ஊர்களுக்குப் பங்கிடப்பட்டது.

இதில் ஈடுபட்டவர்கள் கெட்டவர்கள் அல்லர். அவர்களது நெஞ்சில் இரக்கம் இருந்தது. அந்த இரக்கத்துக்கு அறிவு துணையாக நிற்கவில்லை. அடியார்களும் இவ்விடத்தில் தம்மைப் பார்த்துக்கொள்ள வேண்டும். புத்தல வழியாகக் கதிர்காமம் செல்லும் வீதியில் யானைகள் வாகனங்களை மறித்து நிற்பதைப் பலரும் கண்டிருப்பர். பிள்ளையாருக்குக் கொடுப்பதாக எண்ணி வாழைப்பழமும் வத்தகப்பழமும் கொடுத்துவிட்டுப் புண்ணியம் தேடிக்கொண்ட மகிழ்ச்சியில் அவர்கள் செல்கின்றனர். வீதியில் பிச்சை எடுக்கப் பழகிய யானை காட்டுக்குத் திரும்பிப் போவதில்லை. கொடுக்காத வாகனத்தை அது உடைக்கின்றது. பழத்தை எதிர்பார்த்து நீட்டும் தும்பிக்கையில் ஒரு நாள் வெடி வைத்த பழமும் விழலாம். பழம் கொடுத்த அடியார் அதனைக் காண்பதில்லை. தான் செய்தது தர்மம் என்றே அவர் கடைசிவரை நினைத்திருப்பார்.

ஆகவே ஒரு செயல் தர்மமா அன்றா என்பதை, செய்பவரின் உள்ளத்தை மட்டும் வைத்து முடிவு செய்ய இயலாது. பெற்றுக்கொண்ட உயிருக்கு அதனால் விளைந்தது என்ன என்றும் பார்க்க வேண்டும். நோயறியாமல் கொடுக்கும் மருந்து அன்பினால் கொடுக்கப்பட்டாலும் நோயாளியைக் காப்பாற்றாது. ஜீவகாருண்யமும் அவ்வாறே. உயிரின் இயல்பை அறிய முயல்வது காருண்யத்தின் ஒரு பகுதியே.

வள்ளியம்மையின் காவல்

தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு இனி விடை தேடலாம். வெடி எறிந்த கமக்காரன் பாவம் செய்தானா?

வள்ளியம்மையின் வரலாற்றை நினைத்துப் பார்க்க வேண்டும். முருகப் பெருமான் தேடி வந்து மணந்த அவ்வம்மையார் தினைப்புனம் காத்தவர். பரணில் நின்று, கவண் சுழற்றி, ஆலோலம் பாடிக் கிளிகளை ஓட்டியவர். பயிர் காப்பது பாவமாயின் அத்தொழிலைச் செய்தவர் முருகனின் பக்கத்தில் தேவியாக நிற்பதெப்படி? அந்தப் புனத்திலேதான் பிள்ளையாரும் காட்டு யானையாக வந்து தம்பியின் திருமணத்தை நடத்தி வைத்தார். சைவ மரபிலே பயிருக்குக் காவல் நிற்பவளும் தெய்வம். பயிரோரம் வரும் யானையும் தெய்வம். இரண்டில் ஒன்றை விட்டுவிடுமாறு மரபு சொல்லவில்லை. காவல் செய், கொலை செய்யாதே என்பதே அதன் சாரம்.

ஆகவே பரணில் விழித்திருப்பது பாவமன்று. தீப்பந்தமும் சத்தமும் காட்டி விரட்டுவதும் பாவமன்று. வாய்வெடி வைப்பதும், வீட்டு மின்சாரத்தைக் கம்பியில் பாய்ச்சுவதும், கட்டுத்துவக்குக் கட்டுவதும் பாவம். யானையைக் கொல்வது சட்டப்படியும் குற்றம். அந்தக் கட்டுத்துவக்கிலும் கம்பியிலும் மாட்டி அயலூர் மனிதரும், சொந்தப் பிள்ளைகளும்கூட இறந்த சம்பவங்கள் உண்டு.

காவலிலும் நல்ல வழியை ஆராய்ச்சியே காட்டித் தந்திருக்கின்றது. நாட்டில் பல ஆண்டுகளாக மின்வேலிகள் காட்டின் எல்லையில் போடப்பட்டன. ஒரு பக்கம் வனசீவராசிகள் திணைக்களக் காடு, மறு பக்கம் வனத் திணைக்களக் காடு என்றால், இரண்டிலும் யானைகள் இருந்தன. நடுக்காட்டில் வேலி அறுந்தால் பார்க்க ஆள் இல்லை. கம்பத்தைத் தள்ளி விழுத்த யானையும் பழகிக்கொண்டது. அதற்கு மாறாக, வடமேல் மாகாணத்தின் கல்கமுவப் பகுதியில் கிராமத்தைச் சுற்றியும் வயலைச் சுற்றியும் வேலி போடும் முறை செய்து பார்க்கப்பட்டது. யானையை அடைக்க முயலாமல் பயிரையும் வீட்டையும் காப்பதே இம்முறை. வயல் வேலி விதைப்பு வேளையில் போடப்பட்டு, அறுவடை முடிந்ததும் கழற்றப்படும். பின்னர் யானைகள் வந்து அரிதாளை மேய்ந்துவிட்டுப் போகும். விட்டு விட்டுக் கணப்பொழுது பாயும் மின்சாரம் என்பதால் அது அதிர்ச்சி தருமேயன்றிக் கொல்லாது. பழைய சேனைக் காலத்துப் பங்கீடே புதிய உருவில் வந்திருக்கின்றது எனலாம். 2020ஆம் ஆண்டில் அரசு நியமித்த குழுவும் இம்முறையை நாடெங்கும் விரிவுபடுத்துமாறு பரிந்துரைத்தது.

இவ்வேலியின் பலம் கம்பியில் இல்லை, ஊரின் ஒற்றுமையில் இருக்கின்றது. வேலியோரப் பற்றையை வெட்ட வேண்டும். கொடி தொட்டால் மின்சாரம் இறங்கிவிடும். மின்கலத்தைப் பார்க்க வேண்டும். இரவில் முறை வைத்துச் சுற்றி வர வேண்டும். ஒருவர் தம் பங்கைச் செய்யாவிட்டால் அவர் வயற்பக்கத்தால் வரும் யானை ஊரார் எல்லோரது வயலையும் அழிக்கும். அக்காலத்தில் குளக்கட்டைத் திருத்தவும் வாய்க்கால் வெட்டவும் ஊர் கூடியது. வராதவரை ஊர் கேள்வி கேட்டது. அக்கட்டுப்பாடு இன்று வேலிக்கும் வேண்டும். ஊரார் ஒன்றுகூடும் இடம் ஆலயம் ஆகையால் அதனைப் பேசித் தீர்மானிக்கவும் ஆலய முன்றலே பொருத்தமான இடம்.

யார் பாரம் சுமப்பது?

மனித உயிர் பெரிதா, யானை உயிர் பெரிதா என்று கேட்போர் உண்டு. எதிரே யானை நிற்கும் ஒரு கணத்தில் மனிதன் தன் உயிரையும் தன் பிள்ளையின் உயிரையும் காத்துக்கொள்வதை எந்தத் தர்மமும் தடுக்கவில்லை. ஆயினும் வருடத்தில் இறக்கும் நூற்றுக்கணக்கான யானைகளுட் பல அத்தகைய கணத்தில் இறப்பவை அல்ல. முன்கூட்டியே வைத்த வெடியில், முன்கூட்டியே பாய்ச்சிய கம்பியில், கொட்டிவிட்டு மறந்த குப்பையில் இறக்கின்றன. அங்கே எந்த மனித உயிரும் தராசின் மறுதட்டில் இல்லை. மறுதட்டில் இருந்தவை சிறிது உழைப்பும் சிறிது பொறுப்புமே. மனிதனும் அவ்வாறே வீணாக இறக்கின்றான். வெளிச்சமில்லாத வீதியும், மதுபோதையில் இரவில் தனியே நடப்பதும், யானை நிற்பதாக அயலூருக்குச் சொல்லி அனுப்பாததும் எத்தனையோ உயிரைக் கொண்டு போயிருக்கின்றன.

இன்னொரு நியாயமும் பேசப்பட வேண்டும். யானை நாட்டின் செல்வம் என்று எல்லோரும் கூறுவர். அதனைக் காண வருவோரால் வருமானம் வருகின்றது. பெரஹராவிலும் தேர்த் திருவிழாவிலும் யானை நின்றால் அழகு என்பர். அச்செல்வத்தை வளர்க்கும் செலவோ படுவான்கரையிலும் வன்னியிலும் இரண்டு ஏக்கர் விதைப்பவனின் தலையில் விழுகின்றது. நன்மையை எல்லோரும் அனுபவிக்க, தீமையை ஏழை மட்டும் சுமப்பது நீதியாகாது. பயிரிழந்தவருக்கும் உயிரிழந்தவர் குடும்பத்துக்கும் உரிய நட்டஈடு காலதாமதமின்றிக் கிடைப்பது பிச்சையன்று, உரிமை. அதற்கான படிவங்களை நிரப்பவும், கிராம சேவையாளரிடமும் பிரதேச செயலகத்திலும் பேசவும் எழுத்தறிவும் அனுபவமும் உள்ளோர் துணை நின்றால், அதுவும் ஒரு சிவபுண்ணியமே.

ஆலயங்களும் தம் பங்கைச் செய்யலாம். மகோற்சவ காலத்து அன்னதானத்தில் சேரும் பொலித்தீனும் பிளாஸ்ரிக் தட்டும் காட்டோரத்தில் கொட்டப்பட்டால், அங்கே பந்தியில் இருப்பது யானையாகவும் மானாகவும் இருக்கும். வாழையிலையும் தாமரையிலையும் இருந்த காலத்தில் அக்கவலை இருக்கவில்லை. அவற்றுக்குத் திரும்புவதில் இழப்பு ஒன்றும் இல்லை. உகந்தை முருகனைத் தரிசித்துக் குமண, யால காடுகளினூடாகக் கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போவோரிடம் ஒரு பழக்கம் இருந்தது. காட்டில் இரவுப் பயணம் செய்வதில்லை, கூட்டமாகவே செல்வர், "அரோகரா" என்று குரல் கொடுத்துக்கொண்டே செல்வர். விலங்குக்குத் தாம் வருவதை அறிவித்து, வழி கேட்டு நடந்த நடை அது. காடு தம்முடையதன்று, முருகனுடையது என்ற எண்ணம் அந்நடையில் இருந்தது. அந்த எண்ணத்தோடு ஊருக்குள்ளும் வாழ முடிந்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

மாலையில் கும்பிட்டு இரவில் காவலுக்குப் போகும் கமக்காரனிடம் முரண்பாடு ஒன்றும் இல்லை. அவன் வெடி எறியும்போது கொல்லும் எண்ணமின்றி எறிந்தால், வேலியைக் கட்டும்போது அறுவடைக்குப் பின் கழற்றும் எண்ணத்தோடு கட்டினால், யானை ஏன் வந்தது என்று விடிந்ததும் ஒரு கணம் சிந்தித்தால், அவன் இரவிலும் வழிபாட்டிலேயே இருக்கின்றான். கல்லிலே செதுக்கிய ஆனைமுகத்தை வணங்குவது எளிது. அம்முகத்தோடு உயிருடன் வந்து நிற்பதை அறிந்து, அஞ்சி, விலகி, அதற்கும் ஒரு வழி விட்டு வாழ்வதே கடினமான பூசை.

அப்பூசைக்கு வேண்டிய அறிவையும் பொறுமையையும் ஊர் ஒற்றுமையையும் குளக்கட்டில் வீற்றிருக்கும் விநாயகப் பெருமான் யாவருக்கும் அருள்வாராக. வயலும் விளையட்டும், காவலுக்குப் போனவர் விடியற்காலையில் சுகமாக வீடு திரும்பட்டும், காட்டிலே கன்றும் தாயும் பிரியாது வாழட்டும்.

திருச்சிற்றம்பலம்.